தத்தா அங்கே இல்லை

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறிக் கடைகளைத் தாண்டி ஃபேரர் பார்க் பக்கம் நடந்தால், ஓரிடத்தில் குழம்பு வாசம் அடங்கி ஊதுவத்தி வாசம் மேலெழும். அங்கேதான் சாக்கியமுனி புத்தகயா கோயில் இருக்கிறது. வுத்திசாசரா என்ற தாய்லாந்துத் துறவி 1927இல் நிறுவிய கோயில். உள்ளே 15 மீட்டர் உயரமும் 300 டன் எடையுமாகப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் சின்னச் சின்ன விளக்குகள். அதனால் ஆயிரம் விளக்குக் கோயில் என்றும் பெயர். பீடத்தைச் சுற்றி வந்தால் சித்தார்த்தனின் வாழ்க்கை இருபத்தைந்து காட்சிகளாக விரிகிறது. பின்புறம் குனிந்து நுழைய வேண்டிய ஒரு சிறிய அறையில் புத்தர் படுத்திருக்கிறார். பெருமாள் கோயில் பழக்கத்தில் தமிழ்ப் பாட்டிகள் அதைக் ‘கிடந்த கோலம்’ என்பார்கள்.

இதை எழுதுபவர் தன் தாயாரையும் பன்னிரண்டு வயது மகனையும் அங்கே அழைத்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையன் பீடத்தை இரண்டு முறை சுற்றினான். மூன்றாவது சுற்றில் முகம் வாடிவிட்டது.

“தத்தாவக் காணோம்பா.”

“எந்தத் தாத்தாடா?” என்றார் அப்பாயி, பதறி.

அவன் தேடிய தத்தா யாருடைய தாத்தாவும் இல்லை. தேஜூக்கா ஒசாமு என்ற ஜப்பானிய ஓவியர் வரைந்த ‘புத்தா’ என்ற மாங்காவில் வரும் ஒரு திருட்டுப் பையன். புத்த சரிதம் எதிலும் அவன் பெயர் கிடையாது. முழுக்க முழுக்கத் தேஜூக்காவின் கற்பனை. அப்படி ஒருவன் பீடத்தில் இருக்க நியாயமே இல்லை என்று பையனுக்கும் தெரியும். ஆனாலும் தேடினான். எட்டுப் பாகங்களில் ஆறைப் படித்து முடித்தவனுக்குத் தத்தா இல்லாத புத்தர் கதை ஏதோ குறைபட்டதாகத் தெரிந்தது.

ஒரு சொந்தக்காரனைக் கல்யாணப் பந்தியில் தேடுவது போல அவன் ஏன் அந்தக் கற்பனைத் திருடனைத் தேடினான் என்பதுதான் இங்கே கேள்வி.

தேஜூக்காவைச் சிங்கப்பூரில் பெரும்பாலோருக்கு ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்ற இயந்திரச் சிறுவன் வழியாகத்தான் தெரியும். 1928இல் பிறந்தவர், மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தவர். ‘புத்தா’வை 1972இல் தொடங்கி 1983இல் முடித்தார். பதினோரு ஆண்டுகள், ஏறத்தாழ 3,000 பக்கங்கள். தொடங்கிய மறு ஆண்டே, அவர் நிறுவிய மூஷி என்ற அனிமேஷன் நிறுவனம் திவாலானது. தோற்றுப்போனவர்களைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக வரைந்துகொண்டிருந்த நேரத்தில், அவரே கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் வந்த எட்டுப் பாகங்களின் தலைப்புகளை வரிசையாகப் பார்த்தாலே தேஜூக்காவின் மனம் எங்கே இருந்தது என்று புரியும். கபிலவஸ்து, உருவேலா, மான் பூங்கா, ஜேதவனம் என்பவை இடங்கள். ஒன்று நான்கு சந்திப்புகளைப் பற்றியது. மீதி மூன்றுக்கு மட்டும் மனிதர்களின் பெயர்: தேவதத்தன், ஆனந்தன், அஜாதசத்ரு. முதலாமவன் குருவுக்கே குழி பறித்தவன். இரண்டாமவன் தேஜூக்காவின் கையில் கொள்ளைக்காரனாக வளர்ந்து பிறகு சீடனாகிறவன். மூன்றாமவன் பெற்ற தகப்பனைச் சிறையில் பட்டினி போட்டுக் கொன்றவன். சித்தார்த்தன் பெயரில் ஒரு பாகம்கூட இல்லை. முதல் பாகத்தில் அவன் வெறும் கைக்குழந்தை. கதையைச் சுமந்து நடப்பது சாப்ரா என்ற அடிமைச் சிறுவனும், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட தத்தாவும்தான்.

தத்தாவின் சாதியைக் குறிக்க ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறது. தமிழ் வாசகர் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றுவிடுவார். ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கில அகராதிகளில் இன்று உட்கார்ந்திருக்கும் அந்தச் சொல், நம் மொழியிலிருந்து, நம் மண்ணின் ஒரு சாதிப் பெயரிலிருந்து கப்பலேறிப் போனது. ஜப்பான்காரர் வரைந்த கதையில், ஆங்கிலத்தின் வழியாக அது திரும்பி வந்து கதவைத் தட்டுகிறது.

சாப்ராவின் கதை இன்னும் அருகில் வருகிறது. ஆற்றில் முதலையிடம் சிக்கிய கோசல நாட்டுத் தளபதியை அவன் காப்பாற்றுகிறான். தளபதி அவனைத் தத்தெடுக்கிறார். பையன் தன் பிறப்பை மறைத்து, வில்வித்தை கற்று, அரசவை வரை ஏறுகிறான். பெற்ற தாய், மகன் வாழ்வு கெட்டுவிடக் கூடாதே என்று ஒதுங்கி ஒதுங்கிப் பின்தொடர்கிறாள். கர்ணனைத் தெரிந்தவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கர்ணனிடம் இல்லாத ஒன்று சாப்ராவிடம் உண்டு: அவன் ஏறத் துடிக்கிறான். தளபதியின் நன்றியுணர்ச்சியை ஏணியாக்குகிறான், பொய் சொல்கிறான், அந்தப் பொய்யை நாள்தோறும் தீட்டிப் பளபளப்பாக வைத்திருக்கிறான். உண்மை வெளியாகும்போது, ஏறியதையெல்லாம் உதறிவிட்டு அம்மாவின் பக்கம் நிற்கிறான். தாயும் மகனும் ஒன்றாகவே சாகிறார்கள். முதல் பாகம் முடிந்துவிடுகிறது. புத்தருக்கு இன்னும் பேச்சே வரவில்லை.

சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த தமிழர்களில் எத்தனை பேர், ஊரில் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்ததைத் துறைமுகத்திலேயே உதறிவிட விரும்பியிருப்பார்கள்! 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியதற்கும், கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கியதற்கும் பின்னால் அந்த விருப்பமும் இருந்தது. பெயரை மாற்றிக்கொண்டவர்கள், ஊர்ப் பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றியவர்கள், மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது மட்டும் பழையதைத் தோண்டி எடுத்தவர்கள் என்று எல்லா வகையும் நம் குடும்பங்களில் உண்டு. சாப்ராவைக் குறைசொல்ல நமக்கு நா எழுவதில்லை.

இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று இருக்கிறது: குறையுள்ள பாத்திரங்களில் நாம் நம்மையே பார்க்கிறோம், அதனால்தான் பிடிக்கிறது. பாதி சரி. சாப்ராவுக்குப் பொருந்தலாம். அஜாதசத்ருவுக்கு? தகப்பனைப் பட்டினி போட்டுக் கொன்றவனிடம் தன்னைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் சற்றுத் தள்ளி உட்கார்வதே நல்லது. பையன் தத்தாவிடம் தன்னைப் பார்க்கவில்லை. அவன் திருடியதில்லை, அவன் ஊரை எந்தப் படையும் எரித்ததில்லை. தத்தாவிடம் இருப்பதுபோல விலங்குகளின் உடலுக்குள் புகுந்துகொள்ளும் வித்தை மட்டும் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

குறை என்பது தன்னால் கவர்ச்சியானது இல்லை. குறையுள்ளவர்கள் நம் வீட்டிலும் அலுவலகத்திலும் எம்ஆர்டி ரயிலிலும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களை நாம் அப்படியொன்றும் தேடுவதில்லை. அப்படியானால் புத்தகத்தில் மட்டும் என்ன நடக்கிறது?

‘அமர் சித்திரக் கதை’யிலும் புத்தர் வருகிறார். 1967இல் அனந்த் பை தொடங்கிய அந்த வரிசையில் ஒரு வாழ்க்கைக்கு 32 பக்கம். அரண்மனை, நோயாளி, முதியவர், பிணம், துறவி, போதிமரம் என்று ரயில் நிலையங்கள் போலக் கடந்துவிடும். தேவதத்தனுக்கு அங்கே கிடைப்பது சில கட்டங்கள். பாறையை உருட்டிவிடுவான், மதயானையை ஏவுவான், போய்விடுவான். அதைக் குறை சொல்லவில்லை. சிங்கப்பூரிலும் சென்னையிலும் ஒரு தலைமுறைக்கே புராணம் சொல்லிக்கொடுத்த புத்தகங்கள் அவை. ஆனால் 32 பக்கத்தில் ஒருவன் கெட்டவனாக இருக்க முடியும், நல்லவனாக இருக்க முடியும். இரண்டுமாக இருக்க இடம் போதாது. தேஜூக்காவின் தேவதத்தன் சின்ன வயதில் மனிதர்களால் கைவிடப்பட்டு ஓநாயிடம் வளர்கிறான். மனிதர்களுக்குள் வந்த பிறகும் அவர்களை நம்பத் தெரியவில்லை. புத்தரின் வாரிசு என்று ஒரே ஒருமுறை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவன் ஏக்கம். அது கிடைக்காதபோது புளித்து நஞ்சாகிறது. அந்த நஞ்சு ஊறுவதை வாசகன் வருஷக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறான். வெறுக்கத் தோன்றும்போது ஓநாய்க்குட்டிகளோடு படுத்திருந்த பையன் நினைவுக்கு வந்து தொலைப்பான்.

நேரம்தான் காரணமா? கூடவே அதிக நாள் இருந்தால் யாரையும் பிடித்துவிடுமா?

அப்பாயியிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அவர் மெகா சீரியல் தலைமுறை. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,533 பகுதிகள் ஓடியது; அவர் தவறவிட்டவை கைவிரல்களுக்குள் அடங்கும். நேரம் என்று பார்த்தால் ஜப்பான்காரர் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் நம் தொடர்களில் பெரும்பாலும் வில்லி முதல் வாரம் எந்தப் புருவத்தை உயர்த்தினாளோ அதே புருவத்தைக் கடைசி வாரம்வரை உயர்த்துவாள். கடைசி நாளில் காலில் விழுந்து திருந்துவாள், அல்லது லாரியில் அடிபடுவாள். ஆயிரம் நாள் கூட இருந்தும் அவளைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்துகொண்டிருக்கமாட்டோம். “ஆனா அவள திட்டுறதுல ஒரு சந்தோசம் இருந்துச்சுல்ல” என்றார் அப்பாயி. மறுக்க முடியாது.

ஆகவே நேரம் மட்டும் போதாது. எழுதுகிறவர் அந்த மனிதனிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும்; ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சந்தேகத்தோடு போக வேண்டும். இவனை நமக்குத் தெரிந்துவிட்டது என்ற இறுமாப்பு இல்லாமல் போக வேண்டும். இளங்கோவடிகள் கோவலனிடம் செய்தது இதுதான். மனைவியை விட்டான், குடும்பச் செல்வத்தைத் தொலைத்தான், மாதவியின் பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டு அவளையும் விட்டான். புகார்க் காண்டம் முடியும்போது அவன்மேல் நமக்கு மிச்சமிருப்பது எரிச்சல்தான். பிறகு மதுரைக்கு வெளியே, கொலைக்குச் சற்று முன்பு, அடைக்கலக் காதையில் மாடலன் என்ற அந்தணன் எதிர்ப்படுகிறான். மதயானையின் பிடியிலிருந்து ஒரு முதியவரைக் காப்பாற்றியவன் நீ அல்லவா, கீரியைக் கொன்ற பாவத்துக்கு ஆளான பெண்ணின் குடும்பத்தை வாழ வைத்தவன் அல்லவா, பூதத்திடம் சிக்கிய ஒரு பொய்யனுக்காக உன் உயிரையே தர முன்வந்தவன் அல்லவா என்று அடுக்குகிறான். இத்தனை நாளும் இவை எங்கே போயிருந்தன? கோவலன் அப்போதும் இதே கோவலன்தான். நமக்குத்தான் தெரியவில்லை. கெட்டுப்போனவன் என்று நாம் கணக்கை மூடியபிறகு ஆசிரியர் பழைய பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

ஆசிரியருக்கு அந்த அவகாசம் உண்டு. சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்குக் கிடைப்பது குறைவு. பன்னிரண்டு வயதில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு. நான்கு பாடங்கள், கூட்டிப் பார்த்தால் 4 முதல் 32 வரை ஓர் எண். 2021க்கு முன்பு அது இருநூறுகளில் ஓடிய டி ஸ்கோர். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பிள்ளையின் பெயரைக் கேட்குமுன் எண்ணைக் கேட்ட மாமாக்களை இதை எழுதுபவருக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் அவரே. அதற்கும் முன்னால் தொடக்கநிலை நான்கிலேயே பிள்ளைகளைப் பிரித்து இஎம்3 என்று ஒரு முத்திரை குத்திய காலம் இருந்தது. ஜாக் நியோவின் ‘ஐ நாட் ஸ்டூப்பிட்’ 2002இல் அந்த மூன்று எழுத்துகளைச் சுமந்த பையன்களைத் திரைக்குக் கொண்டுவந்தபோது திரையரங்குகள் நிறைந்தன. 2008இல் அந்தப் பிரிவே ஒழிந்தது. உயர்நிலைப் பள்ளிகளிலும் விரைவு, வழக்கநிலை என்ற பிரிவினை 2024இல் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து இல்லாமலாயிற்று. அரசாங்கமே முத்திரையை மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. மாமாக்கள் இன்னும் எண்ணைக் கேட்கிறார்கள்.

இந்த ஊரில் மாங்கா வாசிப்பு வேர்விட்டது இப்படிப்பட்ட பிள்ளைகளிடம்தான். ஆர்ச்சர்ட் ரோட்டில் நீ ஆன் சிட்டியில் இருக்கும் கினோகுனியா புத்தகக் கடையில் சனிக்கிழமை மாலை போய்ப் பார்த்தால், மாங்கா அடுக்குகளுக்கு இடையே பள்ளிப் பைகளோடு தரையில் சம்மணமிட்டிருப்பார்கள். டியூஷனுக்கும் டியூஷனுக்கும் நடுவில் ஒரு மணி நேரம். அவர்கள் கையில் இருப்பவற்றில் தோற்றே பழகிய நாயகர்கள் அதிகம். ஒருமுறை தோற்றவன் அடுத்த இதழிலும் கதையில் இருப்பான் என்பது, ஒரே தேர்வில் வரிசை பிரிந்துவிடும் வயதில் சின்ன விஷயம் இல்லை.

முந்தைய தலைமுறைத் தமிழ்ப் பையன்களுக்கு இந்த வேலையைச் சிவகாசி செய்தது. 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்த ‘இரும்புக்கை மாயாவி’யை இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள் நாயகன் என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். உண்மையில் அந்த லூயிஸ் கிராண்டேல் திருடனாகத்தான் தொடங்கினான். ஆய்வுக்கூட விபத்தில் கை போனது. இரும்புக் கை வந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் மிதக்கும் வரம் கிடைத்தது. கிடைத்ததும் அவன் செய்த முதல் காரியம் உலகைக் காப்பது இல்லை. அந்தக் கை எப்போது சட்டத்தின் பக்கம் சாய்ந்தது என்று கேட்டால் யாருக்கும் சரியாக நினைவில்லை. அத்தனை மெதுவாக, இதழ் இதழாக, நடந்தது.

இந்த இடத்தில் சிங்கப்பூருக்கே உரிய ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகலாம்.

தேஜூக்காவைத் தேடிப்போய்ச் சந்தித்த பள்ளிச் சிறுவர்களில் ஒருவர் தட்சுமி யோஷிஹிரோ. ஒசாகாவில் 1935இல் பிறந்தவர். வளர்ந்தபிறகு, குருவின் வட்டக் கண் பாத்திரங்கள் தான் பார்த்த வாழ்க்கைக்குப் போதவில்லை என்று தோன்றியது. 1957இல் தன் கதைகளுக்கு ‘கெகிகா’ என்று வேறு பெயரே வைத்தார். ஆலைத் தொழிலாளி, சாக்கடை சுத்தம் செய்பவன், ஓய்வுபெறப்போகும் அலுவலகக்காரர் என்று யாரும் திரும்பிப் பார்க்காத ஆண்கள். ஒரு கதையில், குரங்கோடு தனியே வாழும் தொழிலாளி ஒருவன் ஆலையில் கையை இழக்கிறான். வளர்க்க வழியில்லாமல், அதன் இனத்தோடு வாழட்டும் என்று நல்லெண்ணத்தில் குரங்கை மிருகக்காட்சிச் சாலைக் குரங்குகளிடம் விடுகிறான். அவை அதைக் கிழித்துப் போடுகின்றன.

அந்தக் கதைகளில் மூழ்கிப்போன சிங்கப்பூர் இளைஞர் எரிக் கூ. 1989இல் அவரே ஒரு காமிக்ஸ் தொகுப்பு வெளியிட்டார். அதில் தட்சுமியின் நிழல் தெரியும். பிறகு திரைப்படத்துக்குப் போனார். 2011இல் ‘தட்சுமி’ என்ற பெயரிலேயே அந்த ஓவியரின் வாழ்க்கையையும் ஐந்து கதைகளையும் அசையும் சித்திரமாக்கினார். அது கான் திரைப்பட விழாவுக்குப் போனது. சிங்கப்பூரின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பப்பட்டது. தமிழ் வாசகருக்கு முக்கியமானது அதற்கு மூன்றாண்டு முந்தைய சங்கதி. 2008இல் கான் விழாவின் முதன்மைப் போட்டியில் இடம்பிடித்த முதல் சிங்கப்பூர்ப் படம் எரிக் கூவின் ‘மை மேஜிக்’. அது தமிழ் பேசும் படம்.

நடித்தவர் போஸ்கோ ஃபிரான்சிஸ், நிஜ வாழ்க்கையிலும் மேஜிக் கலைஞர். படத்தில் அவர் பழைய மேஜிக்காரர், இப்போது குடிகாரர். இரவு விடுதியில் துப்புரவு வேலை. மனைவி போய்விட்டாள். பத்து வயதுப் பையன், தகப்பன் வாந்தியெடுத்த தரையைத் துடைத்துவிட்டுப் பாடம் படிக்கிறான். மகன் கண்ணில் மதிப்பைத் திரும்பப் பெற அந்த மனிதருக்குத் தெரிந்தது ஒரே வழி: உடம்பை வருத்தும் வித்தைகளுக்குத் திரும்புவது. கண்ணாடியை மெல்லுகிறார், காசுக்காக அடி வாங்குகிறார். இப்படி ஒரு தகப்பனை வீவக வீட்டுக் கீழ்த்தளத்தில் பார்த்தால் நாம் மின்தூக்கிப் பொத்தானை வேகமாக அழுத்துவோம். எரிக் கூ அழுத்தவில்லை. எழுபத்தைந்து நிமிடம் அவரோடு நிற்கிறார். ஒசாகாவில் ஒரு சிறுவன் தன் ஆதர்ச ஓவியரைத் தேடிப்போனதில் தொடங்கிய ஒரு பார்வை, சுற்றி வளைத்து, தமிழ் பேசும் ஒரு குடிகாரத் தகப்பனின் முகத்தில் வந்து நின்றது.

கவனமாகப் படிப்பவர் இங்கே கையை உயர்த்துவார். எழுபத்தைந்து நிமிடம் எங்கே, 3,000 பக்கம் எங்கே? தட்சுமியின் கதைகள் பலவும் சின்னக் கதைகள். நேரம் வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்று மேலே சொன்ன வாதம் ஆட்டம் காணுகிறதே? ஆமாம், காணுகிறது. தட்சுமியின் பக்கங்களைப் புரட்டினால், ஒன்றும் நடக்காத கட்டங்கள் கண்ணில்படும். பேச்சு இல்லை; ஒரு முகம், ஒரு முதுகு, மழை. கதையை நகர்த்த அது தேவையே இல்லை. மற்ற ஓவியர் அங்கே அடுத்த சம்பவத்துக்குத் தாவியிருப்பார். அவர் அந்த மனிதன் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்க எண்ணிக்கையில் இல்லாத நீளம் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது. ஒருவேளை வாதத்தை இப்படித் திருத்திக்கொள்ளலாம்: எத்தனை நாள் கூட இருந்தார்கள் என்பது அல்ல, எந்த இடத்தில் எழுந்து போகாமல் இருந்தார்கள் என்பது.

அப்படி எழுந்து போகாமல் இருந்த இன்னொரு சிங்கப்பூர் ஓவியர் சன்னி லியூ. அவருடைய காமிக்ஸ் நூல் ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சை’ 2015இல் வந்தபோது தேசியக் கலை மன்றம் 8,000 வெள்ளி மானியத்தை மீட்டுக்கொண்டதைத்தான் செய்தித்தாள்கள் பேசின. 2017இல் மூன்று ஐஸ்னர் விருதுகள் கிடைத்ததையும் பேசின. ஆனால் அந்தப் புத்தகத்தில் மனத்தைப் பிடித்து இழுப்பது அரசியல் மட்டுமில்லை. வாழ்நாள் முழுவதும் காமிக்ஸ் வரைந்து யாரும் படிக்காத ஒரு கற்பனைக் கிழவர் அதில் பேசிக்கொண்டே இருக்கிறார். தொடக்ககாலக் கதை ஒன்றைத் தேஜூக்காவின் பாணியிலேயே வரைந்திருக்கிறார், ஹாக் லீ பேருந்துக் கலவரக் காலத்தில் சீன மொழி மட்டும் புரியும் ஒரு ராட்சத இயந்திரத்தைப் பற்றி. அவர் உண்மையில் வாழ்ந்தவர் என்று நம்பிய வாசகர்கள் உண்டு. நம்பாதவர்களுக்கும் அவர் எங்கோ தோ பாயோவில் இருக்கலாம் என்று ஒரு நப்பாசை.

மறுபடியும் தத்தாவிடம் வருவோம். பையன் இன்னும் படிக்காத பாகத்தில் அவனுக்கு என்ன ஆகிறது என்பதை இங்கே சொல்லிவிடலாம். அவன் தமிழில் இத்தனை நீளக் கட்டுரை படிக்கமாட்டான். தத்தாவின் தாயையும் சகோதரியையும் கோசலப் படை கொன்றது. அவன் வளர்கிறான், கொள்ளைக்காரியாக இருந்த மிகைலாவை மணக்கிறான், பிள்ளைகள் பெறுகிறான், புத்தரின் நெருங்கிய நண்பனாகிறான். பல ஆண்டுகள் அவர் சொல்வதைக் கேட்கிறான். கேட்டும், கடைசியில், பழி வாங்கவே போர்க்களத்துக்கு ஓடிச் சாகிறான். புத்தர் தடுத்தும் ஓடுகிறான். அத்தனை ஆண்டுப் போதனை ஒரு நண்பனிடமே பலிக்கவில்லை. தேஜூக்காவின் புத்தர் அங்கே உடைந்துபோகிறார்.

அஜாதசத்ருவிடம் வேறு மாதிரி நடக்கிறது. தகப்பனைக் கொன்றவன் இப்போது தலையில் கட்டியோடு நோயில் கிடக்கிறான். புத்தர் அவன் நெற்றியில் விரல் வைத்து நாள் தவறாமல் உட்கார்ந்திருக்கிறார். போதனை இல்லை, மந்திரம் இல்லை. மருத்துவம் படித்த ஓவியருக்குத் தெரிந்த சங்கதி அது: பல நேரம் வைத்தியர் செய்யக்கூடியது நோயாளியின் பக்கத்தில் இருப்பது மட்டும்தான். நெடுநாள் கழித்து ஒருநாள் அவன் சிரிக்கிறான். திருந்திவிட்டான் என்று தேஜூக்கா முத்திரை குத்தவில்லை. சிரிக்கிறான், அவ்வளவு.

ஒரு நண்பன் கைவிட்டுப் போனான். ஒரு கொலைகாரன் சிரித்தான். இரண்டுக்கும் புத்தர் கொடுத்த நேரம் ஒன்றுதான் என்று பார்த்தால் கணக்கு எங்கேயும் ஒப்பாது. வீட்டுக்குள் இருக்கும் மனிதர்களை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க இதை எழுதுபவர் ஒருமுறை முயன்றார். கடன் வாங்கித் திருப்பாத சித்தப்பா ஒருவர், இருபது ஆண்டுகளாகப் பேச்சு நின்றுபோன அத்தை ஒருவர். சித்தப்பாவுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்? ஒரு தீபாவளி, ஒரு சண்டை, ஒரு காசோலை. 32 பக்கம்கூடத் தேறாது. அவரைத் தேடிப் போக வேண்டும் என்று இன்னும் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் கூட இருப்பது எளிது, அங்கே யாரும் ஐயாயிரம் வெள்ளி கேட்பதில்லை.

கோயிலிலிருந்து வந்த இரவு, பையன் நூலகத்திலிருந்து எடுத்த ஆறாம் பாகத்தை அப்பாயிக்குக் காட்டிக்கொண்டிருந்தான். ஏழாவது யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். இருபத்தொரு நாள் தவணை. முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறான். அப்பாயிக்கு ஆங்கிலம் படிக்க வராது. படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். தேவதத்தனின் முகத்தில் விரல் வைத்து, “இவன் முழியே சரியில்லையே” என்றார். பையன் பதில் சொல்லாமல் ஓநாய் வரும் பக்கத்துக்காக மூன்றாம் பாகத்தைத் தேடினான். அதை எப்போதோ திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பிறகு தத்தாவின் படத்தைக் காட்டினான்.

அப்பாயி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இவந்தானா உன் தத்தா? களவாணிப் பயன்னியே. திருந்திட்டானா, இல்லையா?”

“தெரியல அப்பாயி. இன்னும் ரெண்டு புக் இருக்கு.”